ஃபோர் வீல் பிக்கப்பை டூ வீல் ஆக்கணும். எது வரைக்கும் கழட்டலாம்?

ஐஸ்பெட்டி

அண்ணன்மாருக்கு வணக்கம். மலைப்பக்க எஸ்டேட்டில் ஓடின ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. 2014 மாடல், டீசல். முன்னாடி ரிஜிட் ஆக்ஸில், லீஃப் கட்டு. கியர் லிவர் பக்கத்தில் சின்ன லிவர்: 2 எச் (பின் சக்கரம் மட்டும்), 4 எச் (நாலு சக்கரமும்), நியூட்ரல், 4 எல் (நாலும், மெதுவா, பலமா). முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலில் இருந்து பிரிச்சு விடறது) கிடையாது, ஆறு போல்ட் போட்ட சாதா ஃபிளேஞ்ச்தான்.

ஓட்டம் முழுக்க தார் ரோடு. விடிகாலை காசிமேட்டில் மீன் ஏத்தி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பிடிச்சு திருவொற்றியூர், மீஞ்சூர். வாரத்தில் ரெண்டு நாள் செங்குன்றம். ஐஸோட சேர்த்து ஒரு டன் வரும்.

இப்ப இருக்கிற தொல்லை: 50, 60 ஸ்பீடில் முன்பக்கம் ஊன்னு ஒரு சத்தம், கால் வைக்கிற இடத்தில் அதிர்வு. லிட்டருக்கு 9க்கு மேல தரலை. 4 எச் போட்டுப் பார்த்தா லிவர் விழுது, திரும்ப 2 எச் வர அடம் பிடிக்குது. முன் ஆக்ஸில் ஹவுசிங்கில் பினியன் (சாஃப்ட் வந்து சேர்ற சின்னப் பல்சக்கரம்) பக்கம் ஆயில் கசிவு.

மெக்கானிக் சொல்றது: டிரான்ஸ்ஃபர் கேஸை (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) தூக்கிட்டு டூ வீல் கியர் பாக்ஸ் போட்டுடலாம், முன் ஆக்ஸிலையும் மாத்திடலாம், புதுப்பேட்டையில் செட்டாவே கிடைக்கும்னு. அவ்வளவு தூரம் போகணுமா? அந்தக் கேஸில் இருந்து முன் ஆக்ஸிலுக்குப் போற முன் சாஃப்ட்டை மட்டும் கழட்டி ஓட்டினா ஏதாவது கெடுமா? எஃப்.சி. (ஃபிட்னஸ் சான்று) வேற மூணு மாசத்தில் வருது.

சாஃப்ட்வேர்_இல்ல_சாஃப்ட்டு

தம்பி, ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடி வண்டி எப்படிச் சுத்துதுன்னு புரிஞ்சுக்கோங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஹப் ஃபிக்ஸட்டா இருக்கிற வண்டியில 2 எச் போட்டாலும் முன்பக்கம் சும்மா நிக்காது. ரோட்டுல உருள்ற சக்கரம் ஆக்ஸில் சாஃப்ட்டைச் சுத்தும், அது கிரவுனை (ஆக்ஸில் நடுவில் இருக்கிற பெரிய பல்சக்கரம்), கிரவுன் பினியனை, பினியன் முன் சாஃப்ட்டை. இன்ஜின் சக்தி அங்கே போகலைங்கறது மட்டும்தான் வித்தியாசம். கிரவுன் ரேஷியோ 4.5ன்னு வெச்சுக்கிட்டா, 60 கி.மீ. வேகத்தில் அந்தச் சாஃப்ட் நிமிஷத்துக்கு 2,100 சுத்துப் பக்கம் சுத்திட்டு இருக்கும். ஜாயிண்ட் கிராஸ் (சாஃப்ட் மடங்குற இடத்தில் இருக்கிற சிலுவைத் துண்டு) கொஞ்சம் தேய்ஞ்சாலே போதும், நீங்க சொல்ற அதிர்வு அதே வேகத்தில்தான் வரும்.

லிவர் அடம் பிடிக்கிறது பெரும்பாலும் கோளாறே இல்லை. உங்க வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃப்ரன்ஷியல் (ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்தில் சுத்த விடறது) கிடையாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓடும், பின் சக்கரம் குறைச்சலா ஓடும். மண்ணா இருந்தா டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுரும். தார் ரோடு விடாது. முறுக்கு முழுக்க சாஃப்ட்டுக்குள்ள ஏறி நின்னுக்கும், அந்த இறுக்கத்தில் லிவர் வராது. ஸ்டியரிங்கை நேரா வெச்சு அஞ்சாறு அடி ரிவர்ஸ் எடுங்க, எடுக்கும்போதே லிவரைத் தள்ளுங்க, டக்குன்னு விழும். அப்பவும் வரலைன்னா லிங்கேஜ் பின்னில் துரு. தார் ரோட்டில் 4 எச் போட்டுப் பார்க்கறதை முதல்ல நிறுத்துங்க.

கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை.

ஒண்ணு, 4 எச்சிலேயே மாட்டிக்கிட்டு ஓடுதான்னு பார்க்கறது. பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. லிவர் 2 எச், மெயின் கியர் ஃபர்ஸ்ட், ஹேண்ட் பிரேக். முன் ஆக்ஸிலை ரெண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்க (ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க). முன் சாஃப்ட்டைக் கையால சுத்துங்க. சாஃப்ட்டும் சக்கரமும் சேர்ந்து சுத்தினா சரி, விட்டுருச்சு. சாஃப்ட் அசையவே இல்லைன்னா உள்ளே ஃபோர்க் மாட்டியிருக்கு, அது டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை. ஒரு சக்கரத்தை மட்டும் சுத்திப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சாஃப்ட் பூட்டியிருந்தாலும் அந்தச் சக்கரம் சுத்தும், எதிர்ச் சக்கரம் திருப்பிச் சுத்தும், ஏமாந்துருவீங்க.

ரெண்டு, முன் சாஃப்ட்டைக் கழட்டி வெச்சுட்டு அதே ரோடு, அதே லோடு, அதே வேகம். அதிர்வு போச்சுன்னா ஜாயிண்ட் கிராஸோ சாஃப்ட் பேலன்ஸோதான். சத்தம் அப்படியே இருந்து, வண்டியை லேசா இடம் வலம் அசைக்கும்போது கூடிக் குறைஞ்சா வீல் பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சத்தம் மாறினா பின் கிரவுன். அது முன்பக்கம் கேட்கிற மாதிரியே ஏமாத்தும்.

மைலேஜுக்கு ஃபோர் வீலை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. பத்து கி.மீ. ஓட்டிட்டு நாலு வீல் ட்ரம்மையும் கையால தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்கே பிரேக் பிடிச்சுட்டே ஓடுது. மீன் தண்ணி பட்ட வண்டியில வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப் பிடிச்சு திரும்பாம நிக்கிறது சர்வ சாதாரணம்.

கிரவுன்பினியன்

மேல சொன்னதில் மாத்துக் கருத்து இல்லை. சாஃப்ட் கழட்டற முறையை மட்டும் விவரமா எழுதுறேன், அதில்தான் ஆளுங்க கோட்டை விடுறாங்க.

ராத்திரியே எட்டு போல்ட்டுக்கும் ரஸ்ட் ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. காஸ் வெச்சுச் சூடு காட்டாதீங்க, பக்கத்திலேயே ஆயில் சீல் இருக்கு. ரெண்டு முனையிலும் ஃபிளேஞ்சுக்கும் யோக்குக்கும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கிற கவை) சேர்த்து சென்டர் பஞ்சால ஒரு புள்ளி குத்துங்க. பெயிண்ட் அடையாளம் கடற்கரைக் காத்தில் நிக்காது. நடுவில் ஸ்லிப் யோக் இருக்கிற இடத்திலும் ரெண்டு பக்கமும் புள்ளி வேணும். உருவிக்கிட்டு வந்துட்டா, திருப்பிச் சேர்க்கும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ரெண்டு முனை யோக்கும் ஒரே வாக்கில் நிக்காது. மறுபடி மாட்டும்போது புது அதிர்வு ஒண்ணு சேர்ந்து வரும்.

போல்ட் எடுக்கும்போது ஒரு முனையைத் தொங்க விடாதீங்க, ஜாயிண்ட் வளைஞ்சு கப் உடையும். ஃபிளேஞ்ச் இல்லாம பட்டி போட்டுக் கப்பை நேரா பிடிக்கிற டைப்பா இருந்தா, முனை வெளிய வந்த உடனே கப் ரெண்டையும் டேப் சுத்திக் கட்டுங்க. கப் விழுந்தா உள்ளே இருக்கிற நீடில் (ஊசி ரோலர்) எல்லாம் தரையில.

அடுத்து முக்கியமான இடம். டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் வாயில் யோக்கோ ஃபிளேஞ்சோ நட் போட்டு நிரந்தரமா நிக்குதா பாருங்க. நின்னா கவலை இல்லை, சீல் அது மேலதான் உட்கார்ந்திருக்கு, ஆயில் வராது. சாஃப்ட்டோட முனையே உள்ளே நுழையற டைப்பா இருந்தா, உருவின உடனே ஆயில் கொட்டும். அப்போ பழைய யோக் ஒண்ணு வாங்கி உள்ளே விட்டுக் கட்டினாத்தான் ஓட்டலாம்.

எடுத்த சாஃப்ட்டை நிமிர்த்தித் தொங்க விடுங்க, கிரீஸ் தடவி பிளாஸ்டிக் சுத்துங்க. திருப்பி மாட்டும்போது பழைய லாக் நட் வேண்டாம், புதுசு போடுங்க. 10 மி.மீ. போல்ட், 8.8 கிரேடுன்னா 45 முதல் 50 நியூட்டன் மீட்டர்.

சாஃப்ட் இல்லாம ஓட்டறப்போ 4 எல் போட்டு லோடு இழுக்காதீங்க. 4 எல்லில் முறுக்கு சுமார் ரெண்டரை மடங்கு ஆகும், அது மொத்தமும் பின் ஆக்ஸில் ஒண்ணு மேல ஏறும். யாராவது ஃபைபர் போட்டை இழுத்து விடச் சொன்னா, முடியாதுன்னு சொல்லிடுங்க. ஆனா மாசம் ஒரு தடவை 4 எச் போட்டு ரெண்டு கி.மீ. ஓட்டுங்க. சாஃப்ட் இல்லாததால தார் ரோட்டிலும் முறுக்கு ஏறாது. வெறும் யோக் சுத்தும், சீலும் முன் பேரிங்கும் ஆயில் குடிச்சுக்கும்.

இதெல்லாம் பார்ட்-டைம் ஃபோர் வீலுக்குத்தான். எப்பவுமே நாலு சக்கரத்துக்கும் போகிற, நடுவில் டிஃப்ரன்ஷியல் இருக்கிற வண்டிக்கு இதைச் செய்யாதீங்க. சாஃப்ட் எடுத்தா சக்தி திறந்த வாய் வழியாவே ஓடிரும், வண்டி நகராது. நடு லாக்கைப் போட்டாத்தான் நகரும்.

தண்டையார்பேட்டை லேத்து

சாஃப்ட் கழட்டினா அதிர்வு போகும். இழுவை போகாது. இதைப் பிரிச்சுப் பார்க்கணும். சாஃப்ட் இல்லைன்னாலும் சக்கரத்தோட ஆக்ஸில், கிரவுன், பினியன் எல்லாம் ஆயிலை அடிச்சுட்டுச் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதை நிறுத்தற இடம் ஹப்.

நல்ல வழி ஃப்ரீ வீல் ஹப். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்க ஃபிளேஞ்சைக் கழட்டி எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. ஆக்ஸில் முனையில் பல் எத்தனை, போல்ட் வட்டம் எத்தனை மி.மீ.ன்னு கடையிலேயே அளந்து வாங்குங்க. மாடல் பேரைச் சொல்லி வாங்கினவங்க பாதிப் பேர் ரெண்டாவது தடவை போறாங்க. மாட்டும்போது உள்ளே கிரீஸை அப்பாதீங்க, ஸ்பிரிங் திரும்பாது. விரலால ஒரு பூச்சு போதும். பேரிங்குக்குத்தான் நிறைய.

மலிவு வழி: ஃபிளேஞ்ச் ரெண்டையும் எடுத்துட்டு அந்த இடத்தில் மூடி. 8 மி.மீ. பிளேட்டில் ஆறு ஓட்டை போட்டு, உள்பக்கம் பள்ளம் எடுத்த மூடி எந்த லேத்திலும் கடைஞ்சு தருவாங்க. பள்ளம் ஏன்னா, ஆக்ஸில் முனைக்கும் மூடிக்கும் நடுவில் 5 மி.மீ.யாவது இடம் வேணும். உரசினா அங்கேயே குடைஞ்சுரும். பேப்பர் கேஸ்கெட் போட்டு சீல் பண்ணுங்க.

ரெண்டு எச்சரிக்கை. ஃபிளேஞ்சை எடுத்த உடனே உள்ளே ஸ்பிண்டில் மேல ரெண்டு பெரிய நட், நடுவில் மடக்கு வாஷர் தெரியணும். தெரிஞ்சா சக்கரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அந்த நட்தான், ஆக்ஸில் இல்லை, தைரியமா எடுக்கலாம். சுயேச்சை சஸ்பென்ஷன் வண்டியில சி.வி. ஜாயிண்ட்டோட நடு நட்தான் பேரிங்கையே இறுக்கிப் பிடிச்சிருக்கும். அதை உருவினா சக்கரம் ஓடும்போது கழண்டு வரும். ரெண்டாவது, ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு விடாதீங்க. கிரவுன் நின்னுடும், உள்ளே சின்ன ஸ்பைடர் கியர் நாள் பூரா ஓடித் தேயும்.

திறந்தது திறந்தாச்சுன்னு பேரிங்கையும் பாருங்க. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே உள் நட்டை இறுக்குங்க, கால் சுத்து தளர்த்துங்க, வாஷர், வெளி நட், மடக்கு. மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா ஆடக் கூடாது, ஒரு தள்ளு தள்ளினா ரெண்டு மூணு சுத்து தானா ஓடணும். இங்கே சாதா மஞ்சள் கால்சியம் கிரீஸ் போடாதீங்க. அது தண்ணிக்கு நல்லா நிக்கும், சூட்டுக்கு உருகி பிரேக்கில் இறங்கிரும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் வாங்குங்க. கால்சியம் லீஃப் கட்டு பின்னுக்குப் போதும்.

புதுப்பேட்டை ரெகுலர்

எல்லாரும் கழட்டு மாட்டுன்னு சொல்றீங்க. ஒரேயடியா டூ வீல் பாக்ஸ் போட்டுட்டா வெயிட்டும் குறையும், ஆயில் மாத்தற செலவும் மிச்சம். செட்டு கிடைக்குதே?

தண்டையார்பேட்டை லேத்து

செட்டு கிடைக்கும் தலைவா, அதுக்கு அப்புறம்தான் செலவே ஆரம்பிக்கும். ஃபோர் வீல் பாக்ஸோட மெயின் சாஃப்ட் குட்டையா நேரா டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள நுழையும். அதனால கேஸை மட்டும் எடுத்துட்டு வால் மூடி போடுற கதை நடக்காது, பாக்ஸே வேற வேணும். பெல் ஹவுசிங் ஓட்டையும் கிளட்ச் பிளேட் பல்லும் ஒத்துப் போகணும். பின் மவுண்ட் இடம் மாறும், குறுக்குச் சட்டத்தைத் தள்ளி வெக்கணும். ஃப்ளோரில் லிவர் ஓட்டை மாறும். ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து வருதுன்னா முள் செத்துரும்.

கேஸ் இருந்த நீளத்துக்குப் பின் சாஃப்ட்டை நீட்டணும். ஒரே துண்டா நீட்டினா வேகத்தில் நடுவில் வளைஞ்சு அடிக்கும், அதனால ரெண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். அளவு எடுக்கும்போது வண்டி லோடோட தரையில் நிக்கணும், ஸ்லிப் யோக் முட்டறதுக்கு முன்னாடி 25 மி.மீ. மிச்சம் வேணும். காலி வண்டியில ஜாக்கி போட்டு அளந்தா, லோடு ஏறின முதல் பள்ளத்தில் யோக் போய் முட்டி இடிக்கும். வெல்டு பண்ணினதுக்கு அப்புறம் ரன்-அவுட் (சுத்தும்போது கோணி ஆடுற அளவு) அரை மி.மீ.க்குள்ள வரணும், பேலன்ஸ் மெஷினில் ஏத்தணும். கடைசியா கோணம்: பாக்ஸ் வாயும் பினியன் வாயும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்ள. மொபைலில் லெவல் பார்க்கிற ஆப்பே போதும். இதில் தப்பினா, எந்த அதிர்வுக்குப் பயந்து வேலையை ஆரம்பிச்சீங்களோ அதே அதிர்வு பின்பக்கம் வந்து உட்காரும்.

முன் ஆக்ஸில் கதை இன்னும் மோசம். டூ வீல் மாடலுக்கு முன்னாடி வேற சஸ்பென்ஷன்னா சேசிஸ் குறுக்குச் சட்டமே வேற. வெல்டு பண்ணி மாட்டினா காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சோட சாய்வு) போயிரும், ஸ்டியரிங் இழுக்கும். உப்பில் அரிச்ச சேசிஸில் புது வெல்டிங் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எஃப்சி டென்ஷன்

சட்டம் பக்கமும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்ட விவரத்தில் இருந்து ஆர்.சி. விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியாச்சு. ஆக்ஸிலும் சேசிஸும் மாத்தறது நேரா இதில் விழும். காலி எடை மாறினாலும் ஆர்.சி.யோட இடிக்கும், விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பிடிக்கிற நூலும் அதுதான்.

சாஃப்ட் அப்படி இல்லை, எட்டு போல்ட்டில் பழையபடி ஆயிரும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. இருக்கு. அந்த நாளுக்கு சாஃப்ட்டை மாட்டிட்டே போங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் கிட்ட ஏன் இல்லைன்னு விளக்கிட்டு நிக்கிறதை விட அது லேசு.

ஐஸ்பெட்டி

ரொம்ப நன்றிண்ணா. சோதனை ரெண்டும் பண்ணியாச்சு. 2 எச்சில் சாஃப்ட் கையால சுத்துது, மாட்டலை. கழட்டி ஓட்டினதில் அதிர்வு சுத்தமா இல்லை, ஊ சத்தம் மட்டும் பாதி இருக்கு. ஹவுசிங் பக்கத்து ஜாயிண்ட் கிராஸில் ஒரு கப் ஓரமா செங்கல் பொடி மாதிரி ஒட்டியிருக்கு, கையால வளைச்சா ஒரே இடத்தில் கட்டுக் கட்டுன்னு நிக்குது. முன் ஹவுசிங் ஆயில் டீ நிறத்தில் வருது, பால் டீ. வலது முன் ட்ரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

கிரவுன்பினியன்

செங்கல் பொடின்னா நீடில் துருவாகி அரைஞ்சுட்டிருக்கு. கட்டுக் கட்டுன்னு நிக்கறது நீடில் பதிஞ்ச பள்ளம். கிரீஸ் அடிச்சுப் பிரயோஜனம் இல்லை, கிராஸ் புதுசு. இன்னொரு முனையையும் சேர்த்தே மாத்துங்க. இப்போதைக்கு சாஃப்ட் வெளியவே இருக்கட்டும், அவசரம் இல்லை.

பால் டீ ஆயில்தான் அவசரம், தண்ணி புகுந்திருக்கு. பெரும்பாலும் பிரீதர் (ஹவுசிங்குக்குக் காத்துப் போய் வர்ற வாய்) அடைச்சிருக்கும். ஓடிச் சூடான ஹவுசிங் மழைத் தண்ணியில இறங்கினா உள்ளே காத்துச் சுருங்கும். பிரீதர் திறந்திருந்தா வெளிக் காத்து வரும். அடைச்சிருந்தா சீல் உதடு வழியா தண்ணியை உறிஞ்சும். மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் ஒரு தடவை இறங்கினாலே போதும். அதே அடைப்பு, சூடாகும்போது ஆயிலைப் பினியன் சீல் வழியா வெளியே தள்ளும். சீலை மட்டும் மாத்தினா மறுபடியும் கசியும்.

பிரீதரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, ரப்பர் ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்கு ஏத்திக் கட்டுங்க. முனை கீழே பார்க்கணும். பின் ஹவுசிங்குக்கும் செய்யுங்க. ஆயிலைச் சூடா வடிச்சு, விலை குறைஞ்ச கியர் ஆயில் ஊத்திக் கையால சக்கரத்தைச் சுத்தி, திரும்ப வடிச்சு, அப்புறம் இ.பி. 90. நிரப்பு ஓட்டை உதட்டில் வழியற வரைக்கும், வண்டி சமதரையில் நிக்கணும். சாஃப்ட் இல்லை, முன் ஹவுசிங் சும்மாதானேன்னு ஆயில் இல்லாம விடாதீங்க, எண்ணூர் காத்துக்கு ஆறு மாசத்தில் கிரவுன் பல் செவந்துரும்.

வலது ட்ரம் சூட்டுக்கு வீல் சிலிண்டரைத் திறங்க. மிச்சம் இருக்கிற ஊ சத்தமும் அந்தச் சூட்டில் வெந்த பேரிங்கா இருக்கலாம், ட்ரம்மைக் கழட்டும்போதே ரோலர் நீலம் பாரிச்சிருக்கான்னு பாருங்க.

ஐஸ்பெட்டி

சரிண்ணா, கியர் பாக்ஸ் பேச்சை மெக்கானிக் கிட்ட நிறுத்தியாச்சு. ஹப் எப்போ போடலாம்?

தண்டையார்பேட்டை லேத்து

வலது பேரிங்குக்குத் திறக்கப் போறீங்க இல்ல, அன்னிக்கே. ஃபிளேஞ்ச் எப்படியும் கையில இருக்கும், பல்லை எண்ணி இங்கே போடுங்க.